இடது பக்கத்துச் சிவப்பு டிக்

"தப்பு டீச்சர் எங்க?" என்று கேட்டால் அந்தப் பள்ளிக்கூடத்தில் வாசல் காவலாளிகூடக் கையை நீட்டி இயற்பியல் ஆய்வகத்தைக் காட்டிவிடுவார். பிள்ளைகள் வைத்த பெயர் அது. கேலிக்கு வைத்ததல்ல, ஆசையாக வைத்தது. ஒவ்வொரு புதுப் பாடத்துக்கும் முதல் நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்து, டஸ்டரை மேஜையில் ஒரு தட்டு தட்டி, "வாங்க, இன்னைக்கு நல்லா தப்பு பண்ணலாம்" என்றுதான் ஆரம்பிப்பாள். பதினைந்து வருஷமாக இதே ஆரம்பம்தான். அந்தச் செல்லப் பெயரையே தூக்கி ஒரு நாள் அவள் தலையில் போட்டார்கள். நியாயம் தெரிந்த எவருக்கும் வயிறு எரியும்.

பிறக்கும்போதே அவள் தப்பு டீச்சர் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாலு வருஷம் ஊரோடு ஒத்துத்தான் போனாள். அவள் வரையறை சொல்வாள், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் அதையே வாந்தி எடுப்பார்கள், எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். ஐந்தாவது வருஷம், வெப்பப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய ஒரு பையன் ஆய்வகத்தில் இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டு, ஜில்லென்று பட்டதும் துள்ளி எழுந்தான். "டீச்சர், இரும்போட டெம்பரேச்சர் எப்பவுமே மரத்தைவிடக் கம்மிதானே?" என்றான். அவள் தெர்மாமீட்டரை எடுத்து அந்த ஸ்டூலிலும் பக்கத்திலிருந்த மர ஸ்டூலிலும் வைத்துக் காட்டினாள். இரண்டிலும் ஒரே அளவு. பையன் அதை உற்றுப் பார்த்தான். பிறகு ரொம்ப மரியாதையாக, "தெர்மாமீட்டர் ரிப்பேர் டீச்சர்" என்றான்.

அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் அந்தப் பையன் மேல் இல்லை. நூறு மார்க் போட்ட தன் கையின் மேல். ஒரே அறையில் இரவு பகலாகக் கிடக்கும் இரும்பும் மரமும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும், இரும்பு கையிலிருக்கும் சூட்டைச் சட்டென்று வாங்கிக்கொள்வதால்தான் ஜில்லென்று தெரிகிறது. இதை அவனும் பரீட்சையில் எழுதியிருந்தான். எழுதினானே தவிர நம்பவில்லை. அவன் நம்பியது வேறு எங்கோ பத்திரமாக இருந்தது, அதை யாரும் கேட்கவும் இல்லை.

அதற்கப்புறம்தான் அவள் அறிவியலின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தாள். நகர நூலகத்தில் யாரும் தொடாத அலமாரி அது. படிக்கப் படிக்க அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இந்தப் பிள்ளைகள் எங்கெங்கே இடறி விழுகிறார்களோ, அங்கேயெல்லாம் அந்தக் காலத்துப் பெரிய மூளைக்காரர்களும் விழுந்து கிடந்திருக்கிறார்கள். வருஷக்கணக்கில், சில இடங்களில் நூற்றாண்டுக் கணக்கில். வெப்பத்தையே எடுத்துக்கொண்டால், அது எடையில்லாத, கண்ணுக்குத் தெரியாத ஒரு பாய்மம், தண்ணீர் மாதிரி ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்கு ஓடுகிறது என்று கெட்டிக்காரர்கள் எல்லோரும் சத்தியம் செய்திருக்கிறார்கள். அதை வைத்து எத்தனையோ விஷயங்களைச் சரியாகக் கணக்குப் போட்டும் காட்டியிருக்கிறார்கள். "என் பிள்ளைங்க முட்டாள் இல்ல. இருநூறு வருஷம் லேட்டா வந்திருக்காங்க, அவ்வளவுதான்" என்று அன்று இரவு வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். "அப்போ நான்?" என்றார். "தினமும் ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்கிற சூட்டை அள்ளி வெளிய கொட்டிக்கிட்டிருக்கேன். நான் எத்தனை வருஷம் லேட்டு?"

"உங்களுக்குப் பேச்சுதான் லேட்டு. கை சரியாத்தான் வேலை செய்யுது," என்றாள்.

அவள் முறை இதுதான். நோட்டை விரித்தால் இடது பக்கம், வலது பக்கம். இடது பக்கத்தில் அந்தக் காலத்தவர்கள் என்ன நம்பினார்கள், ஏன் நம்பினார்கள் என்று எழுத வேண்டும். சும்மா எழுதினால் போதாது. அந்தப் பழைய ஆளுக்கு வக்கீல் வைத்த மாதிரி வாதாட வேண்டும். வாதம் இறுக்கமாக இருந்தால்தான் சிவப்பு டிக். சொத்தையாக இருந்தால், "உங்க கட்சிக்காரரைத் தூக்குல போட்டுடுவாங்க, திரும்ப எழுது" என்று நோட்டைத் திருப்பிக் கொடுப்பாள். நாலைந்து நாள் கழித்து வலது பக்கம். எந்தச் சோதனை அந்த நம்பிக்கையை உடைத்தது, உடைந்த இடத்தில் என்ன முளைத்தது என்று அதில் எழுத வேண்டும். இடையில் அந்த நாலைந்து நாளும் வலது பக்கம் வெள்ளையாகவே கிடக்கும். பிள்ளைகள் அந்தத் தப்போடு கொஞ்ச நாள் குடித்தனம் நடத்திப் பார்க்கட்டும் என்பாள். அப்படி உடைத்த பிள்ளை எவனும் தெர்மாமீட்டர் ரிப்பேர் என்று சொன்னதில்லை.

இந்த வருஷம் பதினோராம் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். அதில் ஒருத்தி அவள் சொந்த அண்ணன் மகள். முதல் நாளே அவளைக் கூப்பிட்டு, "கேட்டுக்குள்ள நான் அத்தை இல்ல, டீச்சர். புரியுதா?" என்று சொல்லிவிட்டாள். பெண்ணும் அந்த விதியைச் சுத்தமாகக் கடைப்பிடித்தாள்.

வெப்பப் பாடத்தின் இடது பக்கத்தை ஒரு வெள்ளிக்கிழமை முடித்தார்கள். வகுப்பிலேயே பிரமாதமாக வாதாடியவள் அண்ணன் மகள்தான். "வெப்பம் என்பது எடையற்ற ஒரு பாய்மம். பொருளைச் சூடாக்கினால் விரிகிறதே, ஏன்? உள்ளே புகுந்த பாய்மத்துக்கு இடம் வேண்டாமா?" என்று ஆரம்பித்து ஒரு பக்கம் நிறைத்திருந்தாள். டீச்சர் பெரிய சிவப்பு டிக் போட்டு, கீழே "மிக நன்று" என்று எழுதினாள். வலது பக்கம் புதன்கிழமை கடைசி பீரியடுக்கு.

சனிக்கிழமை அண்ணன் தன் மகளின் நோட்டைத் திறந்து பார்த்தார். மருந்துக்கடை வைத்திருக்கிற மனுஷன். மருந்துச் சீட்டில் டாக்டர் கிறுக்கியதையெல்லாம் படித்துவிடுவார், ஒரு எழுத்துக்கூடத் தப்பாது. மகளின் கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது, அதில் மட்டும் கோட்டைவிட்டார். பக்கத்தின் உச்சியில் "அவர்கள் நம்பியது" என்று தலைப்பு இருக்கிறது. அது கண்ணில் படவில்லை. வெப்பம் ஒரு பாய்மம் என்பதும், அதற்குக் கீழே தங்கச்சி போட்ட டிக்கும் மட்டும் பட்டன. எதிரே வலது பக்கம் வெள்ளை. உடனே போனை எடுத்து ஒரு படம் பிடித்து, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இது என்ன பாடம்?" என்று கேட்டார்.

இரண்டு தெரு தள்ளித்தான் தங்கச்சி வீடு. நடந்து வந்து கேட்டிருக்கலாம். பக்கத்து அறையில் எழுதிய மகளே இருந்தாள், அவளையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இருநூற்றுச் சொச்சம் பேரைக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் அந்தப் படத்துக்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்துவிட்டன. டீச்சருக்கே பாடம் தெரியவில்லை என்று ஒருவர். தப்பு டீச்சர் என்று பிள்ளைகளே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், நெருப்பில்லாமலா என்று இன்னொருவர். எப்படி வந்தது அந்தப் பெயர் என்று கேட்க நாதியில்லை. படம் மாவட்டக் கல்வி அலுவலகத்தின் ஆய்வு அதிகாரி வரைக்கும் போய்விட்டது.

டீச்சர் நேரே அண்ணனின் கடைக்குப் போய் நின்றாள்.

"நான் குறை சொல்லலம்மா. கேள்விதான் கேட்டேன்," என்றார் அண்ணன், மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே.

"என்னைக் கேட்டிருக்கலாமே அண்ணா."

"உன்னைக் கேட்டா நீ வாதாடுவ. உன் வாய்க்கு முன்னாடி நான் நிக்க முடியுமா? எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு. மார்க் போச்சுன்னா யாரு பொறுப்பு?"

டீச்சர் அவருக்குப் பின்னால் அடுக்கியிருந்த சத்து மாவு டப்பா ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். "இதுல என்ன போட்டிருக்கு, படி."

"நூறு கிராமுக்கு இத்தனை கலோரின்னு போட்டிருக்கு. அதுக்கென்ன?"

"வெப்பம் பாய்மம்னு நம்பின காலத்துல பிறந்த வார்த்தை அண்ணா அது. அந்தப் பாய்மத்தோட பேரும் இதுவும் ஒரே வேருல முளைச்சது. நீ டப்பா டப்பாவா விக்கலாம். நான் அது எங்கேர்ந்து வந்ததுன்னு சொல்லக் கூடாதா?"

அண்ணன் டப்பாவைப் பார்த்தார். பிறகு, "குழுவுல போட்டதை இப்ப அழிக்க முடியாதாம்மா, நேரம் தாண்டிடுச்சாம்," என்றார். அதற்குமேல் அவரோடு பேசிப் பிரயோஜனமில்லை என்று அவள் திரும்பிவிட்டாள்.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷன்தான், ஆனால் மேலிடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தால் போதும், கை கால் உதற ஆரம்பித்துவிடும். ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். அதில், "கவனக்குறைவால் மாணவர்களுக்குத் தவறான பாடம் நடத்திவிட்டேன். இனி பாடப்புத்தகத்தில் உள்ளதை மட்டுமே நடத்துவேன்" என்று தட்டச்சு செய்திருந்தது.

"ஒரு கையெழுத்துதானேம்மா. போட்டுட்டா விஷயம் முடிஞ்சுது. போடலைன்னா புதன்கிழமை அதிகாரி விசாரணைக்கு வராரு. வகுப்பைப் பிடுங்கிடுவாரு."

"இனிமே வலது பக்கமும் கிடையாதா சார்?"

"எந்தப் பக்கமும் கிடையாது. புத்தகம் மட்டும்தான்."

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. அநியாயத்தின் அழகைப் பாருங்கள். நாற்பத்திரண்டு பிள்ளைகள் இடது பக்கத்தை மட்டும் முடித்துவிட்டு நிற்கிறார்கள். வெப்பம் பாய்மம் என்பதற்கு ஊரிலேயே சிறந்த வாதத்தைத் தங்கள் கையால் எழுதி, டிக்கும் வாங்கி வைத்திருக்கிறார்கள். இப்போது அவளை நிறுத்தினால் பிள்ளைகள் அந்தத் தப்போடேயே போய்விடுவார்கள். கையெழுத்துப் போட்டாலும் அதுதான், வகுப்பைப் பிடுங்கினாலும் அதுதான். அவள் தப்பாகப் பாடம் நடத்தினாள் என்கிற பொய்யை இவர்களே உண்மையாக்கிவிடுவார்கள்.

"எனக்கு ஒரே ஒரு பீரியட் குடுங்க சார். அப்புறம் என்ன வேணா பண்ணுங்க," என்றாள். தலைமை ஆசிரியர் மேலே சுற்றாமல் நின்றிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாள் கையெழுத்தில்லாமல் அங்கேயே கிடந்தது.

புதன்கிழமை காலையில் வீட்டுக்காரர் தன் பழைய ட்ரில்லிங் மிஷினைத் துணியில் சுற்றி அவள் பையில் வைத்தார். "இருக்கிறதிலேயே மொண்ணையான பிட்டைப் போட்டிருக்கேன். ஒண்ணையும் அறுக்காது. நல்லா சூடு மட்டும் ஏறும்," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "விசாரணையில வாயைக் கொஞ்சம் அடக்கிக்க," என்றார்.

மதியம் தலைமை ஆசிரியர் அறையில் விசாரணை. ஆய்வு அதிகாரி, தலைமை ஆசிரியர், பெற்றோர் தரப்பில் அண்ணன். அதிகாரி போனில் அந்தப் படத்தை விரித்துக் காட்டினார்.

"இந்த டிக் நீங்க போட்டதுதானே?"

"நான்தான் சார். மேல 'அவர்கள் நம்பியது'ன்னு தலைப்பு இருக்கு பாருங்க."

"தலைப்பை விடுங்க. தப்புக்கு டிக் போடுவீங்களா?"

"வாதத்துக்குப் போட்டேன் சார். இந்தப் பாடம் இன்னும் பாதிதான் முடிஞ்சிருக்கு. இன்னைக்குக் கடைசி பீரியட்ல அந்த வலது பக்கம்."

"பிள்ளைங்களுக்குச் சரியானதை மட்டும் சொல்லிக்குடுத்தாப் போதாதா? இந்தப் பழங்கதையெல்லாம் எதுக்கு?"

அவள் பையிலிருந்து பாடப்புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். "இதைக் கொஞ்சம் படிங்க சார்."

அதிகாரி படித்தார். "வெப்பமானது உயர் வெப்பநிலையில் உள்ள பொருளிலிருந்து தாழ் வெப்பநிலையில் உள்ள பொருளுக்குப் பாய்கிறது."

"பாயறது எது சார்?"

"வெப்பம்."

"பாயற பொருளுக்கு இதே புத்தகத்துல, ரெண்டு பாடம் முன்னாடி, என்ன பேரு குடுத்திருக்கு?"

"பாய்மம்" என்று மெல்லச் சொன்னவர் அண்ணன். சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"அது சும்மா சொல்ற வழக்கம்மா," என்றார் அதிகாரி.

"அந்த வழக்கம் எங்கேர்ந்து வந்தது சார்? அதைத்தான் சொல்லிக்குடுக்கிறேன். நீங்க குடுத்த புத்தகம் அந்தப் பழைய தப்பைப் பேசிக்கிட்டே இருக்கு, அது தப்புன்னு ஒரு வரி சொல்லல. அதுக்கு மெமோ கிடையாது. நான் அதை எடுத்து வெளிய வச்சு உடைக்கிறேன். எனக்கு மெமோ."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளாக இருந்தால் அவள் ஏன் தப்பு டீச்சராகிறாள். அதிகாரியின் முழங்கை பக்கத்திலிருந்த இரும்பு பீரோவில் சாய்ந்திருந்தது. "சார், இந்த பீரோவும் இந்த மர மேஜையும் வருஷக்கணக்கா இதே அறையில இருக்கு. எதோட வெப்பநிலை கம்மி?" என்று கேட்டாள்.

"பீரோதான். தொட்டாலே தெரியுதே."

அவள் பையிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்து பீரோவின் மேல் வைத்து, காகிதத்தால் அழுத்திப் பிடித்தாள். முப்பத்தொன்று. மேஜையின் மேல் வைத்தாள். முப்பத்தொன்று. அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை பார்த்தார்.

"இது பழைய தெர்மாமீட்டரா?" என்றார்.

தலைமை ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் சிரிக்கவில்லை. "பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, நூத்துக்கு நூறு வாங்கின ஒரு பையன் இதே பதிலைத்தான் சார் சொன்னான்," என்றாள். "அவனை நான் மட்டமா நினைக்கல. உங்களையும் நினைக்கல. நீங்களும் இடது பக்கம் மட்டும் படிச்சிட்டு வந்திருக்கீங்க. யாரும் உங்களுக்கு வலது பக்கம் நடத்தல."

அதிகாரியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. உத்தரவு அங்கேயே எழுதப்பட்டது. தவறான கருத்துகளைக் கற்பித்தமைக்காகவும், விசாரணை அலுவலரிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டமைக்காகவும், நாளை முதல் இயற்பியல் வகுப்புகளிலிருந்து விடுவிக்கப்படுகிறார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் கையெழுத்துப் பயிற்சியை மேற்பார்வையிடுவார். பத்தொன்பது வருஷ இயற்பியல் ஆசிரியைக்குக் கையெழுத்துப் பயிற்சி. இதை எழுதிய கை கூசவில்லை, தேதியையும் அழகாகப் போட்டது.

அவள் உத்தரவை ஒரு முறைதான் படித்தாள். "நாளை முதல்தானே சார்?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல், பையை எடுத்துக்கொண்டு கடைசி பீரியடுக்கு ஓடினாள். மணி அடித்துப் பத்து நிமிஷமாகியிருந்தது.

நாற்பத்திரண்டு பேரும் வலது பக்கத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். அவள் டஸ்டரைத் தட்டவில்லை. நேரமில்லை. உள்ளங்கை அளவு இரும்புக் கட்டி ஒன்றைத் தகர டப்பாவில் வைத்துக் கவ்வியில் இறுக்கி, சுற்றிலும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, தெர்மாமீட்டரைச் செருகினாள். கட்டியில் ஏற்கெனவே இருந்த குழிக்குள் மொண்ணை பிட்டை வைத்து மிஷினை ஓட்டினாள்.

"பீரங்கி செய்யற பட்டறையில மேற்பார்வை பார்த்த ஒருத்தரு இதைத்தான் கவனிச்சாரு," என்று சத்தத்துக்கு மேலே கத்தினாள். "பீரங்கிக் குழாயைக் குடையக் குடையக் கொதிக்குது. நெருப்பே இல்ல. இப்ப பாய்மத்துக்கு வக்கீலா இருக்கிறவங்க பதில் சொல்லுங்க. இந்தச் சூடு எங்கேர்ந்து வருது?"

"இரும்புக்குள்ள இருந்த பாய்மம் பிதுங்கி வெளிய வருது டீச்சர்," என்றான் ஒருவன்.

"சரி. எவ்வளவு இருந்தது?"

முப்பத்தொன்றிலிருந்து நாற்பது. ஐம்பது. மிஷினை நிறுத்தி, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி ஓட்டினாள். மறுபடியும் ஏறியது. மூன்றாவது தடவையும் ஏறியது. கட்டி அப்படியே இருந்தது, சீவல்கூட விழவில்லை.

"தீரவே மாட்டேங்குதே டீச்சர்," என்றது பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"நான் ஓட்டற வரைக்கும் தீராது. இப்ப எழுதுங்க."

எழுதினார்கள். அவள் இரண்டு வரிசைக்கும் நடுவில் நடந்து, ஒவ்வொரு நோட்டாகக் குனிந்து படித்து டிக் போட்டுக்கொண்டே வந்தாள். மணியடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது அண்ணன் மகளிடம் வந்தாள். பெண் பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். கடைசி வரி இப்படி இருந்தது: "எடுக்க எடுக்கத் தீராத ஒன்று பொருளாக இருக்க முடியாது. நான் இடது பக்கத்தில் சொன்னது தப்பு. அதை நானே உடைத்துவிட்டேன்."

பதினைந்து வருஷத்தில் இவ்வளவு கச்சிதமாக எந்தப் பிள்ளையும் எழுதியதில்லை. அவள் சிவப்புப் பேனாவைப் பக்கத்தின் மேல் கொண்டுபோனாள். பெண் சட்டென்று உள்ளங்கையை விரித்து அந்தப் பக்கத்தை மூடிக்கொண்டாள்.

"டிக் போடாதீங்க அத்தை," என்றாள் சின்னக் குரலில். "அப்பா ஃபோட்டோ எடுத்துடுவாரு."

"இது சரியான பக்கம்டா கண்ணு."

"எனக்குத் தெரியும் அத்தை. அவங்களுக்குத் தெரியாதே."

கேட்டுக்குள் அத்தை இல்லை என்ற விதியை அவள் நினைவுபடுத்தவில்லை. திறந்த பேனாவோடு, பெண் கையை எடுப்பாள் என்று நின்றாள். மணி அடித்தது. பெண் கையை எடுக்கவில்லை.